முதல் வண்ணத் தோட்டம்: வெள்ளையா, மஞ்சளா, நீலமா, கதம்பமா?

வீட்டு முன்னால் கொஞ்சம் மண் இருக்கிறது, அல்லது மொட்டை மாடியில் இருபது தொட்டி வைக்க இடம் இருக்கிறது. நர்சரியில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி நிரப்பாமல், இந்த முறை ஒரு நிறத்தை மையமாக வைத்துத் தோட்டம் போடலாம் என்று ஆசை. எந்த நிறத்தை எடுப்பது? யாரைக் கேட்டாலும் தனக்குப் பிடித்த நிறத்தைத்தான் சொல்வார்கள். நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: தினமும் எத்தனை மணிக்கு அந்தத் தோட்டத்தைப் பார்ப்பீர்கள்?

ஒரே பூ காலை ஏழு மணிக்கு ஒரு மாதிரி, மதியம் ஒரு மணிக்கு ஒரு மாதிரி, விளக்கு வைக்கும் நேரத்தில் இன்னொரு மாதிரி தெரியும். இளஞ்சிவப்பும் வெளிர் ஊதாவும் நம் ஊர் உச்சி வெயிலில் சாயம் போன துணிபோல வெளுத்துத் தெரியும். அதே வெயிலில் ஆரஞ்சும் அடர் மஞ்சளும் அப்படியே நிற்கும். பொழுது சாய்ந்ததும் கதை தலைகீழாகிவிடும். காலையில் கிளம்பி இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர் ஆசையோடு சிவப்புத் தோட்டம் போட்டால், அதை ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்பார்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது திருச்சி, மதுரை, சென்னை போன்ற சமவெளி ஊர்களையும், 12 அடிக்கு 15 அடி அளவுள்ள முன்வாசல் இடத்தையும். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குச் செடிப் பட்டியலே வேறு.

வெள்ளை

மாலை ஆறரை மணிக்கு ஒரு சிவப்பு இட்லிப்பூச் செடியையும் ஒரு நந்தியாவட்டையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். பகலில் தெருமுனை வரைக்கும் தெரிந்த இட்லிப்பூக் கொத்து இலையோடு இலையாகக் கறுத்திருக்கும். நந்தியாவட்டையிலோ ஒவ்வொரு பூவையும் எண்ணிவிடலாம். வெளிச்சம் குறையும்போது நம் கண்ணுக்கு முதலில் மங்குவது சிவப்பு; நீலம், பச்சைப் பக்கத்து நிறங்கள் அதைவிடத் தெளிவாகத் தெரியும். செக் நாட்டு அறிஞர் யான் பூர்கினே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்துச் சொன்னதால், இதற்குப் பூர்கினே விளைவு என்றே பெயர். வெள்ளை எல்லா நிற ஒளியையும் திருப்பி அனுப்புவதால், இருக்கிற கொஞ்ச வெளிச்சத்திலும் பளிச்சென்று நிற்கிறது.

வெள்ளைக்கு இன்னொரு லாபம் மணம். இரவில் விரியும் பூக்களைத் தேடி வருபவை அந்துப்பூச்சிகள். அவற்றுக்கு இருட்டில் அடர் நிறங்கள் அவ்வளவாக உதவாது, வெளிர் நிறமும் வாசனையும்தான் வழிகாட்டி. அதனால்தான் மல்லி, முல்லை, சம்பங்கி, பவளமல்லி என்று மாலைக்கு மேல் மணக்கும் பூக்களில் பெரும்பாலானவை வெள்ளையாக இருக்கின்றன. நிறத்துக்காக நீங்கள் வைப்பது வாசனையையும் சேர்த்தே கொண்டுவந்துவிடும்.

நிறத்தை மையமாக வைக்கிற தோட்டங்களில் உலகப் புகழ் பெற்றதும் ஒரு வெள்ளைத் தோட்டம்தான். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சிஸ்ஸிங்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட் 1950 வாக்கில் அமைத்தது. வெள்ளைப் பூ, பச்சை இலை, வெள்ளி பூசினாற்போன்ற சாம்பல் இலை, இவ்வளவுதான். இந்த யோசனையை எடுத்துக்கொள்ளலாம், செடிப் பட்டியலை எடுக்க முடியாது. அங்கே கோடையில் அந்தி வெளிச்சம் நெடுநேரம் நிற்கும். நமக்குச் சூரியன் மறைந்து அரை மணிக்குள் இருட்டிவிடும். அவர்களுடைய வெள்ளி இலைச் செடிகளில் பல நம் மழைக்கால ஈரத்தில் வேர் அழுகிப் போகும். அந்தச் சாம்பல் நிறம் வேண்டுமென்றால் மரிக்கொழுந்து இருக்கிறது. பனிக்காலத்தில் நன்றாக வரும், கிள்ளினால் வாசனை, தொடுக்கவும் ஆகும். அந்தி குறுகியது என்பதற்கு வாசல் விளக்கு ஒன்று போதும். மஞ்சள் ஒளி தரும் பல்பைப் போடுங்கள். நீலம் கலந்த வெண்விளக்கில் பூவும் இலையும் சோகையாகத் தெரியும்.

செடிகளில் நந்தியாவட்டைதான் முதுகெலும்பு. ஆண்டு முழுக்கப் பூக்கும், அரை நிழலிலும் தாங்கும், வெட்டிவிட்டால் புதராகத் தழையும், குச்சி வைத்தாலே வரும். அதற்குக் கீழே வெள்ளை நித்தியகல்யாணி, ஓரத்தில் வெள்ளை அந்திமந்தாரை. பிந்தியது நாலு மணி வாக்கில் விரியும், வேலை முடிந்து வருகிறவருக்கென்றே நேரம் குறித்ததுபோல. குண்டுமல்லி இரண்டு, சம்பங்கிக் கிழங்கு ஒரு பிடி. இடம் இருந்தால் மூலையில் பவளமல்லி. அது இரவில் விரிந்து விடியும்முன் உதிர்ந்துவிடும். காலையில் தரையில்தான் தோட்டம்.

வெள்ளையில் சிக்கல் இரண்டு. முதலாவது, சுவர். நம் வீடுகளின் காம்பவுண்டுச் சுவர் பெரும்பாலும் வெள்ளை அல்லது சந்தன நிறம். அதன் முன்னால் வெள்ளைப் பூ காணாமல் போய்விடும். பின்னால் பச்சை வேண்டும், சுவரில் படர ஒரு கொடியாவது ஏற்றிவிட்டு அப்புறம் பூச்செடி வாங்குங்கள்.

இரண்டாவது சிக்கலை யாரும் சொல்வதில்லை. நம் வீடுகளில் பூ பறிப்பதற்கு, பார்ப்பதற்கு மட்டுமில்லை. மல்லியை மொட்டாக இருக்கும்போதே பறித்துவிடுவோம். நந்தியாவட்டை காலையில் சாமி படத்துக்குப் போய்விடும். அம்மாவோ மாமியாரோ தினமும் கூடையோடு இறங்குகிற வீட்டில், வெள்ளைத் தோட்டம் மாலையில் வெறும் பச்சைத் தோட்டமாக நிற்கும். சண்டை வேண்டாம், முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். மல்லியும் சம்பங்கியும் பறிப்பதற்கு, நித்தியகல்யாணியும் அந்திமந்தாரையும் பார்ப்பதற்கு. நந்தியாவட்டையில் இரண்டு செடி வைத்தால் ஆளுக்கு ஒன்று. பறிக்கிற பழக்கமே இல்லாத வீட்டில் நேர்மாறான வேலை இருக்கும். வெள்ளைப் பூ வாடினால் பழுப்பாகி அசிங்கமாகத் தெரியும் என்பதால், இரண்டு நாளுக்கு ஒருமுறை வாடினதைக் கிள்ளிப் போட வேண்டும்.

மல்லிக்குப் பருவம் உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிட்டால் பங்குனி வெயிலோடு பூ கொட்டும். முல்லைக்கு அந்த வெட்டு ஜனவரி கடைசியில். வெட்டின மாதங்களில் தோட்டத்தைத் தாங்குவது நந்தியாவட்டையும் நித்தியகல்யாணியும்தான்.

மஞ்சளும் ஆரஞ்சும்

ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேரடி வெயில், சீக்கிரம் பலன் பார்க்க ஆசை, பகலில் வீட்டில் ஆள் இருக்கிறார்கள் என்றால் இதுதான் சரியான தேர்வு. தொடங்குகிறவருக்குத் தைரியம் கொடுக்கிற தோட்டமும் இதுதான். துலுக்கச் சாமந்தி நாற்று நட்டு இரண்டு மாதத்துக்குள் பூவைக் காட்டிவிடும். நட்ட மூன்று நான்கு வாரத்தில் நுனிக் குருத்தைக் கிள்ளிவிடுங்கள். முதல் பூ சில நாள் தள்ளிப் போகும், ஆனால் பக்கக் கிளை வெடித்து ஒரு பூ இருந்த இடத்தில் ஆறேழு வரும். பூவும் செடியிலேயே ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். ஒரே நாளில் வாடும் செம்பருத்தியோடு ஒப்பிட்டால் இது பெரிய வித்தியாசம்.

துலுக்கச் சாமந்திக்கு அருகில் கனகாம்பரம் வையுங்கள். இந்த ஜோடியை நிறப் பொருத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கனகாம்பரத்தின் முதல் எதிரி வேரைத் தாக்கும் நூற்புழு. துலுக்கச் சாமந்தியின் வேரிலிருந்து வரும் பொருள் அந்த நூற்புழுவை அடக்கக்கூடியது. இரண்டும் ஒரே பாத்தியில் இருந்தால் கண்ணுக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது. கனகாம்பரம் லேசான நிழலையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் சுவரோரத்தை அதற்குக் கொடுத்து, வெயில் பக்கத்தைச் சாமந்திக்கு விடலாம்.

செவ்வந்தி வாங்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். அது பகல் குறுகும்போது மொட்டு வைக்கிற செடி. தை மாதம் பூவோடு வாங்கி வந்து, சித்திரையில் ஏன் பூக்கவில்லை என்று உரத்தை மாற்றி மாற்றிப் போடுவதில் பயனில்லை. அது அடுத்த பனிக்காலத்துக்குக் காத்திருக்கிறது. தெருவிளக்கு இரவு முழுக்க மேலே விழுகிற இடத்தில் வைத்தால், பகல் இன்னும் நீளமாக இருக்கிறதென்று ஏமாந்து மொட்டு வைக்காமலே இருக்கும். இந்தக் காரணத்தால் மஞ்சள் தோட்டத்துக்கு ஆதாரமாகச் செவ்வந்தியை நம்பக் கூடாது, விருந்தாளியாக வைத்துக்கொள்ளலாம்.

நிரந்தரப் புதருக்கு மஞ்சள் அல்லது ஆரஞ்சு இட்லிப்பூ. கொத்து ஒரு முறை விரிந்தால் வாரக்கணக்கில் நிற்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் மட்டும் அதன் புது இலையைக் கவனியுங்கள். நரம்பு பச்சையாக, நடுவில் எல்லாம் மஞ்சளாக இருந்தால், தண்ணீரின் காரத்தன்மையால் மண்ணில் இருக்கும் இரும்புச் சத்தைச் செடியால் எடுக்க முடியவில்லை என்று பொருள். முடிந்த நாட்களில் மழைத் தண்ணீர், நிறைய மக்கு உரம், தேவைப்பட்டால் இலைவழி இரும்புச் சத்து என்று கொடுத்தால் தேறும்.

இந்த நிறத்தில் தவிர்க்க வேண்டியவை இரண்டு. மணி போலத் தொங்கும் மஞ்சள் அரளி பார்க்க அழகு, விதையிலிருந்து பால் வரைக்கும் விஷம். தவழும் குழந்தையோ, செடியைக் கடிக்கும் நாய்க்குட்டியோ உள்ள வீட்டில் எந்த அரளியும் வேண்டாம். இன்னொன்று உன்னிச்செடி. வெயில், வறட்சி எதற்கும் அசையாது என்று ஆசை காட்டுவார்கள். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் அது பரவி உள்ளூர்ச் செடிகளின் இடத்தைப் பிடித்திருக்கிறது. பறவை தின்று விதையைக் கொண்டுபோகும், உங்கள் வேலியோடு நிற்காது.

மஞ்சளின் குறை என்ன? சூடான நிறங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்பவை. சின்ன இடத்தை அது இன்னும் சின்னதாக்கும். மே மாத மதியத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றையும் 180 சதுர அடியில் அடைத்தால் பார்க்கும்போதே வியர்க்கும். அதனால் சிவப்பை வெளியே நிறுத்துங்கள், வெளிர் மஞ்சளையும் பச்சையையும் கூட்டுங்கள். உழைப்பும் அதிகம். துலுக்கச் சாமந்தி போன்றவை சில மாதத்தில் முடிந்துபோகும், மறுபடி நாற்று விட வேண்டும். வெள்ளைத் தோட்டத்தை ஒரு முறை நட்டால் வெட்டிவிடுவதும் வாடினதைக் கிள்ளுவதும்தான் வேலை.

நீலமும் ஊதாவும்

ஆசைப்படுகிறவர்கள் அதிகம், ஏமாறுகிறவர்களும் அதிகம். பூக்களில் உண்மையான நீலம் அரிது. நர்சரியில் நீலம் என்று சொல்லி விற்பவற்றில் பெரும்பாலானவை ஊதா. இணையத்தில் படம் பார்த்து லாவெண்டர் விதை வாங்கி மதுரை வெயிலில் முளைக்க வைப்பதற்குப் பதிலாக, நம்மிடம் தாராளமாக வருபவற்றைப் பார்ப்போம். அசல் நீலத்துக்குச் சங்குப்பூக் கொடி. பயறு குடும்பம் என்பதால் வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். வான நீலத்துக்குப் பிளம்பாகோ. தரையோடு படர ஈவால்வுலஸ். மார்கழிக்கு டிசம்பர் பூ. வாடாமல்லியின் ஊதா செடியிலேயே வாரக்கணக்கில் நிற்கும்.

இவை ஒவ்வொன்றும் நல்ல செடிதான். சேர்த்து ஒரு தோட்டமாக நிற்கும்போது நேரம் உதைக்கிறது. ஈவால்வுலஸ் காலையில் விரிந்து மதியத்துக்குமேல் மூடிக்கொள்ளும். சங்குப்பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். டிசம்பர் பூவுக்குப் பருவம் குறுகியது. அந்தி இருட்டில் நீலம் சிவப்பளவுக்குக் கறுக்காது என்றாலும், அடர் ஊதா வெள்ளைபோலத் தெரியாது. ஆக, காலை ஆறிலிருந்து ஒன்பது வரை தோட்டத்தில் இருக்கக்கூடியவர், காபியோடு திண்ணையில் உட்காருகிறவர், அவருக்கு மட்டுமே நீலம் முழுப் பலன் தரும். அவருக்குத் தேனீக்களும் துணைக்கு வரும். தேனீயின் கண்ணுக்கு நீலமும் ஊதாவும் நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியாது.

ஆனால் நீலத்திடம் இருக்கும் ஒரு குணம் வேறு எந்த நிறத்துக்கும் கிடையாது. அது பின்னால் விலகி நிற்கும். நீளம் குறைந்த இடத்தின் கடைசிச் சுவரில் சங்குப்பூவை ஏற்றிவிட்டால் இடம் இரண்டடி நீண்டதுபோலத் தோன்றும். முதல் தோட்டத்தை முழுக்க நீலமாகப் போட வேண்டாம், வெள்ளைத் தோட்டத்தின் பின்சுவருக்கு நீலத்தைக் கொடுங்கள் என்பதுதான் என் கருத்து.

பூவே வேண்டாம், இலை போதும்

அடுக்குமாடி பால்கனி, வடக்குப் பார்த்த சந்து, பக்கத்து வீட்டு மூன்று மாடி நிழல். இப்படிப்பட்ட இடத்தில் பூவை வைத்து நிறம் காட்ட முயல்வது வீண் செலவு. கோலியஸ், அக்லோனிமா, வெள்ளைக் கோடு போட்ட ஸ்பைடர் செடி, கேலேடியம் ஆகியவை இலையிலேயே நிறத்தை வைத்திருக்கின்றன. குரோட்டன்ஸுக்கு மட்டும் ஓரளவு வெளிச்சம் வேண்டும், ஆழ்ந்த நிழலில் அதன் மஞ்சளும் சிவப்பும் பச்சையாகிவிடும். டைஃபன்பாக்கியா வாங்கினால் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும்.

கதம்பம்

எல்லா நிறமும் கலந்தால் எளிது என்று தோன்றும். தொடங்குகிறவருக்கு இதுதான் கடினம் என்பேன். பூக்காரம்மா தொடுக்கும் கதம்பத்தைக் கவனியுங்கள். பல நிறம் இருந்தாலும் இடைவிடாமல் ஓடுவது மரிக்கொழுந்தின் பச்சை. கனகாம்பரமும் அரளியும் அளவோடு, குறிப்பிட்ட இடைவெளியில் வரும். கலவைத் தோட்டத்துக்கும் அந்தக் கணக்கு தேவை. முதல் ஆண்டில் எந்தச் செடி எவ்வளவு உயரும், எப்போது பூக்கும், எப்போது ஓயும் என்பது நமக்குத் தெரியாது. ஒரு செடி ஓய்ந்தால் நிறச் சமநிலை போய்விடும். ஒரே நிறத் தோட்டத்தில் ஒன்று ஓய்ந்தாலும் மீதி அதே நிறத்தில் நிற்பதால் குறை தெரியாது.

ஆனால் காகிதப்பூ மேல் உயிரையே வைத்திருக்கும் சிலரை எனக்குத் தெரியும். அவர்களிடம் வேறு எந்த நிறத்தைப் பற்றியும் பேசிப் பயனில்லை. அப்படியென்றால் காகிதப்பூவில் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்து, மற்றதெல்லாம் பச்சை என்று விட்டுவிடுங்கள். தண்ணீரைக் குறைத்து வெயிலைக் கூட்டினால் அது ஒன்றே தோட்டத்தை நிறைக்கும்.

எதை எடுக்கலாம்

வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர் என்றால், தயங்காமல் வெள்ளை. வெயிலும் இருந்து, பகலில் ஆளும் இருந்து, பூ பறித்துப் பூஜைக்கும் தலைக்கும் வைக்கிற வீடு என்றால் மஞ்சளும் ஆரஞ்சும். வெயிலே இல்லையென்றால் இலை. காலை நேரம் முழுக்க உங்களுடையது என்றால் மட்டும் நீலம். இவற்றுக்கு நடுவில் நின்று முடிவெடுக்க முடியாதவர்களுக்கும் நான் வெள்ளையைத்தான் சொல்வேன். வெள்ளைக்குப் பக்கத்தில் பிறகு எந்த நிறத்தைச் சேர்த்தாலும் ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் தோட்டத்தில் பின்னாளில் இளஞ்சிவப்பைச் சேர்க்க முயன்றால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

வாங்கும்போது பூவைப் பார்த்து வாங்குங்கள். பூக்காத அரளிச் செடியை வெள்ளை என்று சொல்லிக் கொடுப்பார்கள், நட்டு ஆறு மாதம் கழித்து ரோஸ் நிறத்தில் சிரிக்கும். விதையில் வளர்ப்பவற்றுக்கும் இதே எச்சரிக்கை. அந்திமந்தாரை, நித்தியகல்யாணி இரண்டும் தானாக விதை விழுந்து முளைக்கும், அப்படி முளைத்தவை தாய்ச் செடியின் நிறத்திலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. முதல் பூ வந்ததும் வேறு நிறமாக இருந்தால் பிடுங்கித் தெரிந்தவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நந்தியாவட்டை, இட்லிப்பூ, டிசம்பர் பூ மாதிரி குச்சியில் வருபவை தாய்ச் செடியின் நிறத்தையே தரும். தெருவில் நல்ல செடி வைத்திருக்கும் வீட்டில் கேட்டு வாங்கினால் காசும் மிச்சம், நிறமும் கண்ணால் பார்த்தது.

தொட்டியின் நிறத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மண்தொட்டி தானே ஒரு ஆரஞ்சு. மஞ்சள் தோட்டத்துக்கு அது பொருந்தும், நீலத்தையும் எடுத்துக்காட்டும். பச்சை, நீலம், சிவப்பு பிளாஸ்டிக் தொட்டிகளைக் கலந்து அடுக்கினால் நீங்கள் தேர்ந்தெடுத்த நிறத்தைத் தொட்டிகள் தின்றுவிடும். எல்லாம் ஒரே நிறத்தில் இருக்கட்டும்.

புதர்களையும் மல்லியையும் ஆனி, ஆடியில் தொடங்கிக் கார்த்திகைக்குள் நட்டுவிட்டால் மழை பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். முதல் தடவை நர்சரிக்குப் போகும்போது முதுகெலும்புச் செடி மூன்றும், பின்சுவருக்குக் கொடி ஒன்றும் போதும். அவை வேர் பிடித்து, சுவர் பச்சையாகத் தொடங்கிய பிறகு மற்றதை வாங்கலாம்.